மாரியாத்தா மேல கேசு

பிரதிவாதியின் எதிருரை கைக்கு வந்த அன்று, கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் வளாகத்து மர நிழலில் உட்கார்ந்து அதை என் கட்சிக்காரரான ஆயாவுக்குப் படித்துச் சொன்னேன். கோர்ட் தமிழை அப்படியே வாசித்தால் எனக்கே பாதிதான் புரியும். அதனால் சாரத்தை மட்டும் சொன்னேன். சுவர் விழுந்தது உண்மை, மாடு செத்ததும் உண்மை; ஆனால் காரணம் அன்று பெய்த மழை, அந்த மழை தெய்வச் செயல், ஆகவே கல்யாண மண்டபத்துக்காரர் நயாபைசா தரக் கடமைப்பட்டவர் இல்லை.

ஆயா மல்லாட்டைக் கூடையை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ எங்க மாரியாத்தா மேலயா கேசு போட்டுக்கற, வக்கீலம்மா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை. கேள்வியில் பிழையும் இல்லை. மாரி என்றாலே மழைதான். மழை தெய்வத்தின் செயல் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால், எதிராளி யார் என்று அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? "வேணாம்மா, வாபஸ் வாங்கிடு. ஆத்தாவோட நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். அவரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் பிடித்தது. இருபத்தொன்பது வருட வக்கீல் தொழிலில் எத்தனையோ முறை நான் கேட்டும் எழுதியும் இருக்கிற சொல், தெய்வச் செயல். அது யாருக்காக வேலை பார்க்கிறது என்று அன்றுதான் யோசித்தேன்.

வெள்ளைக்காரன் சட்டத்தோடு வந்த சொல். ஆக்ட் ஆஃப் காட் என்பதைத்தான் தெய்வச் செயல், கடவுளின் செயல் என்று மாற்றி எழுதுகிறோம். பெயரில்தான் கடவுள், உள்ளே பக்தி ஒரு துளி கிடையாது. சட்டம் கேட்பது மூன்றே விஷயம். நடந்தது மனிதக் கை படாத இயற்கையின் வேலையா? வரும் என்று முன்கூட்டி நினைத்துப் பார்த்திருக்க முடியாததா? நியாயமான கவனம் எடுத்திருந்தாலும் தடுத்திருக்க முடியாததா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் பிரதிவாதி தப்பிக்கலாம். பெரிய மழை, பேய்க்காற்று, ஊரே மூழ்கிவிட்டது என்பதெல்லாம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். நம்மூர் எதிருரைகளில் பெரும்பாலானவை அந்த முதல் கேள்வியோடு பேனாவை மூடிவிடுகின்றன.

மூன்றாவது கேள்வியில் வரும் "நியாயமான கவனம்" எவ்வளவு என்பதற்கு 1876-ல் ஒரு குதிரை வழக்கு உண்டு. லண்டனிலிருந்து அபெர்டீனுக்குக் கப்பலில் அனுப்பிய பெண் குதிரை, கடல் கொந்தளித்தபோது பாதி ஆட்டத்தாலும் பாதி தன் மிரட்சியாலும் காயம்பட்டுச் செத்தது. கப்பல்காரர் பொறுப்பில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். உலகத்தில் உள்ள எல்லா முன்னெச்சரிக்கையையும் ஒருவரிடம் கேட்க முடியாது, விவரமுள்ள மனிதன் வழக்கமாகச் செய்வதைச் செய்திருந்தால் போதும் என்பது அதன் சாரம். நியாயமான அளவுகோல்தான். ஆனால் வழக்கமாகச் செய்வதைச் செய்திருக்க வேண்டும்.

அதே 1876-ல் இங்கிலாந்தில் இன்னொரு தீர்ப்பு. செஷயர் பகுதியில் ஒரு சீமாட்டியின் நிலத்தில், ஓடையை மறித்துக் கட்டிய அலங்காரக் குளங்கள் இருந்தன. 1872 ஜூனில் யாரும் கண்டிராத மழை கொட்டிக் கரைகள் உடைந்து, கீழே நான்கு பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. தெய்வச் செயல் என்று விடுவித்துவிட்டார்கள். சட்டக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வழக்கு இதுதான். நாற்பது வருடம் கழித்து, 1917-ல், பிரபுக்கள் சபை இந்தத் தீர்ப்பைப் பார்த்து முகம் சுளித்ததை அவ்வளவு அழுத்தமாகச் சொல்லித்தரவில்லை. ஸ்காட்லாந்தின் கிரீனக் நகராட்சி, குழந்தைகள் விளையாட ஓடையின் வழியை மாற்றிக் கான்கிரீட் தொட்டி கட்டியிருந்தது. பெருமழையில் தண்ணீர் ரயில்வே நிலத்துக்குள் பாய்ந்தது. ஓடையின் பாதையை மாற்றியது நீ, அது பழைய பாதையில் தானாகப் போயிருந்தால் இந்தச் சேதம் வந்திருக்காது, பெருமழை என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றார்கள். பட்டா போட்டு வளைத்த ஓடைகள் நிறைந்த நம் ஊர்களுக்குச் செஷயரைவிட கிரீனக்தான் பக்கத்து ஊர்.

நம் மண்ணிலேயே ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேச யாராவது கேட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது. கார்வேட்டிநகரம், இன்றைக்குச் சித்தூர் மாவட்டம், அன்றைக்கு வட ஆற்காடு. அந்த ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களைப் பெயர்த்துவிட்டன. கம்பெனி ஜமீன்தார் மீது வழக்குப் போட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தன் நிலத்தில் தண்ணீரைத் தேக்கி வைக்கிறவன், அது வெளியே வந்து பிறருக்குச் சேதம் செய்தால் கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு என்பது இங்கிலாந்தில் அப்போது புத்தம் புதிய விதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி தெம்பாகப் போயிருக்க வேண்டும். 1874-ல் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது.

ஏன் என்பதுதான் அழகு. அந்த விதிக்குக் காரணமான, லங்காஷயரில் ஆலைக்காரர் தன் லாபத்துக்குக் கட்டிய நீர்த்தேக்கமும் இங்கே உள்ள ஏரியும் ஒன்றல்ல என்றது கவுன்சில். இந்த ஏரிகள் பழங்காலத்தவை, ஜனங்கள் உயிர்வாழ இவை வேண்டும், ஜமீன்தார் நினைத்தாலும் மூடிவிட முடியாது, பராமரிப்பது அவர் கடமை. கடமையைச் செய்தவரை, அதில் கவனக்குறைவு நிரூபணமாகாதவரை, தண்டிக்க முடியாது. அதாவது மழையின் அளவைக் காட்டி அவர் தப்பிக்கவில்லை. கரையை ஒழுங்காக வைத்திருந்தார் என்பதால் தப்பினார். கலிங்கல் என்ற நம் சொல்லை வெள்ளைக்கார இன்ஜினியர்கள் அப்படியே தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத் தண்ணீர் போக வழி வைத்துத்தான் ஏரி வெட்டினார்கள் நம் ஆட்கள். உபரி வரும் என்று தெரியாமலா கலிங்கல் கட்டினார்கள்? எதிர்பாராத வெள்ளம் என்ற பேச்சுக்கு ஒவ்வொரு பழைய ஏரிக்கரையும் எதிர்சாட்சி.

இனி ஆயாவின் வழக்குக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில், கடலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவர் ராத்திரியில் சாய்ந்து ஆயாவின் கூரைவீட்டுப் பின்பக்கத்தையும் கறவை மாட்டையும் சேர்த்து அமுக்கிவிட்டது. ஆயா முன்பக்கத் திண்ணையில் படுத்திருந்ததால் பிழைத்தார். மண்டபத்துக்காரர் அடுத்த நாள் வந்து துக்கம் விசாரித்து இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்ல வேண்டும். மாடு மட்டும் அதைப்போலப் பல மடங்கு பெறும் என்று ஆயா சொன்னபோதுதான் அவருக்குத் தெய்வம் ஞாபகம் வந்தது. கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லாததால் வறியவர் மனுவாகப் போட்டோம். பாப்பர் ஓ.பி. என்போம் நாங்கள். வறியவர்தானா என்று விசாரித்து வழக்கைக் கோப்பில் எடுக்கவே பதினோரு மாதம்.

முன்சீப் கோர்ட்டில் நான் முதலில் நீட்டியது 1958-ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அங்கேயும் சுவர்தான். மழையில் சுவர் விழுந்து இரண்டு குழந்தைகள் செத்துப்போனார்கள். அன்றைய மழை 2.66 அங்குலம். மழைக்காலத்தில் இந்த அளவு மழை வரத்தான் செய்யும், அதைத் தாங்கும்படி சுவரை வைத்திருப்பது உடைமையாளர் பொறுப்பு, இது தெய்வச் செயல் ஆகாது என்றது நீதிமன்றம். வடகிழக்குப் பருவமழையையே நம்பி வாழ்கிற ஒரு மாவட்டத்தில் ஐப்பசி மழையை எதிர்பாராதது என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். தினசரி காலண்டரில் அடைமழைக்காலம் அச்சடித்தே வருகிறது.

ஆனால் தீர்ப்பு நகல் மட்டும் போதாது. அன்று எவ்வளவு பெய்தது என்று காட்ட வேண்டும். தாலுகா அலுவலகத்தில் ஒரு மழைமானி இருக்கும். தினமும் காலை எட்டரைக்கு அளந்து ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தப் பதிவேட்டின் பத்து வருடப் பக்கங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க, ஒரு மனு, ஒரு மேல்முறையீடு, மூன்று நடை. கையில் வந்ததும் எண்களை எண்ணினேன். சுவர் விழுந்த நாளைவிட அதிக மழை பெய்த நாட்கள் அதற்கு முந்தைய பத்து வருடத்தில் ஆறு. மழை என்ற தெய்வம் ஏற்கெனவே ஆறு முறை வந்து அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஏழாவது முறை சுவரில் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

என்ன மாறியது என்பதைக் குறுக்கு விசாரணையில் பார்ப்போம். அதற்கு முன் ஒரு நேர்மைக்காகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நானும் இந்த வாதத்தை வைத்திருக்கிறேன், ஜெயித்தும் இருக்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. பழைய டவுனில் ஒரு ஐஸ் பேக்டரியின் கூரைத் தகடுகள் பறந்து பக்கத்து ஷெட்டில் நின்ற படகை உடைத்துவிட்டன. பேக்டரிக்காரர் என் கட்சிக்காரர். தெய்வச் செயல் என்றுதான் எதிருரை எழுதினேன். ஆனால் எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டேன், கூரையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று. அவர் வீட்டுக்குப் போய், அந்த வருட ஆடி மாதம் ஜே போல்ட்டுகளை எல்லாம் மாற்றியதற்கான ஹார்டுவேர் கடை பில்லையும் கூலி கொடுத்த நோட்டையும் கொண்டுவந்து வைத்தார். பில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. நீதிபதி அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வாதத்தைவிட அந்தப் பிசுக்குப் பில்தான் வழக்கை முடித்தது. தெய்வத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறவர் இப்படி ஒரு பில்லோடு வரட்டும் என்பதுதான் என் கட்சி. வேறொன்றும் பெரிதாக இல்லை.

முன்கூட்டி அறிய முடியாதது என்ற சொல்லுக்கு நிலையான அளவு கிடையாது, அது கருவிகளோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. எங்கள் ஊர் தேவனாம்பட்டினத்தில் அலை ஏறியபோது அதற்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நேரம் முழுக்க கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சொல்ல ஆள் இல்லை, இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை மையமே இல்லை. அன்றைய அலையைத் தெய்வச் செயல் என்றால் நான் மறுக்க மாட்டேன். 2007-ல் ஹைதராபாத்தில் மையம் வந்துவிட்டது. இனி ஒரு சுனாமி வந்து, எச்சரிக்கை வந்தும் ஊர் சங்கு ஊதவில்லை என்றால், அலை கடலுடையது, சங்கு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கும். புயலும் அப்படித்தான். பெயர் வைத்து, பாதை போட்டு, நாலு நாளைக்கு முன்பே டிவியில் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. பெய்தது. அவ்வளவு பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை என்பது வாதமானால் அது பேசத் தகுந்த வாதம். புயல் வரும் என்றே தெரியாது என்பது வாதமாகாது.

சென்னைக்காரர்கள் 2015-ஐ நூறாண்டில் இல்லாத மழை என்பார்கள். அந்த வருட நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1049 மி.மீ. 1918 நவம்பரில் 1088 மி.மீ. நூறாண்டில் இல்லாதது என்ற சொற்றொடருக்குள்ளேயே, நூறாண்டுக்கு முன் இருந்தது என்ற ஒப்புதல் உட்கார்ந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தால் அந்த ஒப்புதலை விட மாட்டேன். 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. எங்கள் ஊர் தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் விழுகிற ஊர். இங்கே வெள்ளம் வந்தால் எத்தனை செ.மீ. பெய்தது என்று யாரும் முதலில் கேட்பதில்லை. சாத்தனூர் அணையை எத்தனை மணிக்குத் திறந்தான் என்றுதான் கேட்பார்கள். சட்டம் படிக்காதவர்கள், ஆனால் சரியான கேள்வி. 2016-ல் குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டதால் தோட்டங்களை இழந்த விவசாயிகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தெய்வச் செயல் என்ற அரசின் தடுப்பு அங்கே நிற்கவில்லை.

பல சமயம் இரண்டு கைகளும் கலந்திருக்கும். 2013 ஜூனில் உத்தராகண்டில் அலக்நந்தா பொங்கியது. அதைத் தெய்வம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஸ்ரீநகர் என்ற ஊரில் வீடுகளுக்குள் ஆளுயரம் ஏறிய மண், ஒரு நீர்மின் நிறுவனம் தோண்டியெடுத்து ஆற்றோரம் குவித்து வைத்த மண். பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் அந்த நிறுவனத்தை 9 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. 2019 டிசம்பர் 2 விடியும் முன் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பெரிய சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். மழைதான். ஆனால் மழை அந்தத் தெரு முழுக்கத்தான் பெய்தது, செத்தவர்கள் அனைவரும் சுவரின் ஒரே பக்கத்தில் இருந்தவர்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம், ஏனென்றால் பலர் என்னிடம் கேட்பது இதுதான். தெய்வச் செயல் என்றால் இன்சூரன்ஸ் வராது என்ற எண்ணம் ஊரில் பரவலாக இருக்கிறது. 2012-ல் வந்த ஒரு இந்திப் படம் கடையிழந்தவர் கடவுள் மீதே வழக்குப் போடுவதாகக் காட்டியது, அதன் தெலுங்கு மறுபதிப்பையும் நம் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். நடைமுறை வேறு. காருக்கு முழு பாலிசி இருந்தால் வெள்ளம், புயல் இரண்டும் அதில் அடக்கம். 2021 முதல் விற்கிற பாரத் கிருஹ ரக்ஷா வீட்டு பாலிசியில் நிலநடுக்கம்கூட உண்டு. கம்பெனி கையை விரிப்பது வேறு இடத்தில். மூழ்கிய காரில் உட்கார்ந்து சாவியைத் திருகுவீர்கள், இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிப் பழுதாகும், அது வெள்ளச் சேதமில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்பார்கள். திருகாதீர்கள். தள்ளிக்கொண்டு போய்விட்டுப் போன் பண்ணுங்கள்.

கடவுள் மீதே வழக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநில செனட்டர் ஒருவர் 2007-ல் உண்மையாகவே போட்டார். அடுத்த வருடம் தள்ளுபடி ஆனது. காரணம், பிரதிவாதிக்கு விலாசம் இல்லாததால் சம்மன் சார்வு செய்ய முடியாது. இதைவிடச் சரியான உத்தரவை நான் படித்ததில்லை. விலாசம் இல்லாதவர் மேல் பழியைப் போடுவதன் வசதியே அதுதான், எந்த அமீனாவும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

நம் பழைய நூல்களுக்கும் இந்த விதிவிலக்கு தெரியும். யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி, நம்பிக் கொடுத்து வைத்த பொருள் அரசனாலோ தெய்வத்தாலோ திருடராலோ போய்விட்டால் வைத்திருந்தவனைத் திருப்பித் தரச் சொல்லக் கூடாது என்கிறது. ராஜா, தெய்வம், திருடன் மூவரையும் ஒரே தொடரில் சேர்த்ததில் ஒரு குறும்பு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எப்படியும் அது எளியவனுக்கு ராஜாவிடமிருந்து கிடைத்த பாதுகாப்பு. 2020 ஆகஸ்டில் மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டில் துண்டு விழுந்தபோது, கொரோனாவைக் கடவுளின் செயல் என்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். கொள்ளைநோய் அவர் வரவழைத்ததில்லைதான். ஆனால் ராஜாவே தெய்வத்தைக் காட்டும் காலம் வரும் என்று அந்த ஸ்மிருதிக்காரர் நினைத்திருக்க மாட்டார்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். 1989 ரயில்வே சட்டம், 93-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சரக்கு சேதமானால் ரயில்வே பொறுப்பு, தெய்வச் செயல் முதலான சில காரணங்கள் நீங்கலாக என்று தொடங்குகிறது. ஆனால் அதோடு விடவில்லை. அப்படிப்பட்ட காரணத்தால்தான் இழப்பு வந்தது என்று நிரூபணமானால்கூட, தான் நியாயமான முன்யோசனையோடும் கவனத்தோடும் நடந்துகொண்டதை ரயில்வே நிரூபித்தால்தான் தப்பலாம் என்று ஒரு நிபந்தனை போடுகிறது. ஒரு மூட்டை மிளகாய்க்குக் கிடைக்கிற இந்தப் பாதுகாப்பு, சுவருக்கு அடியில் தூங்குகிற மனிதனுக்கு எழுத்தில் இல்லை. நகராட்சிக்கும், மின்வாரியத்துக்கும், அணையைத் திறக்கிறவருக்கும், சாலையோரம் பத்தடிச் சுவர் எழுப்புகிறவருக்கும் அதே நிபந்தனையைச் சட்டமாக எழுத ஒரு பக்கம் போதும்.

எழுதாமலே முடியுமே என்பார்கள் சில மூத்த வக்கீல்கள். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டம் 106-ஆம் பிரிவு சொன்னது, இப்போது புதிய சட்டத்தில் அது 109. சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியால் செத்த சைக்கிள்காரர் வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் மின்வாரியத்தின் சாக்குகளை ஏற்கவில்லை. டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் மேல் மரக்கிளை முறிந்து விழுந்த வழக்கில் மாநகராட்சிதான் பொறுப்பு என்று சொன்னது. சரி. கிளை விழுந்தது 1964-ல், உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது 1999-ல். டெல்லிவரை போகிற ஆயாக்கள் எத்தனை பேர்? முன்சீப் கோர்ட்டில் நடப்பதை நான் தினமும் பார்க்கிறேன். தெய்வச் செயல் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பிரதிவாதி கையைக் கட்டிக்கொள்கிறார். மழைப் பதிவேட்டுக்கு அலைவது மாட்டை இழந்தவர். சுவரின் வரைபடமும் அனுமதியும் மண்டபத்துக்காரர் பீரோவில் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு மனுப்போடுவதும் மாட்டை இழந்தவர். பாதிப் பேர் அதற்கு முன்பே, ஆத்தா செயல்னா நாம இன்னா பண்றது என்று எழுந்து போய்விடுகிறார்கள். அந்தச் சொல் கோர்ட்டில் ஜெயிப்பதைவிட கோர்ட்டுக்கு வெளியில் ஜெயிப்பதே அதிகம்.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல் பேரிடர் என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே இயற்கைக் காரணம், மனிதக் காரணம், விபத்து, கவனக்குறைவு எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்த அளவுக்காவது நாம் வந்திருக்கிறோம். ஆபத்தான தொழில் நடத்துகிறவருக்குத் தெய்வச் செயல் என்ற தப்பும் வழியே கிடையாது என்று டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. சுவருக்கும் மரத்துக்கும் மதகுக்கும் அந்தக் கதவைச் சாத்த வேண்டாம், சாவியை மட்டும் உள்ளே இருப்பவரிடமிருந்து வாங்கி வையுங்கள் என்கிறேன்.

குறுக்கு விசாரணை நாளில் மண்டபத்தின் மேனேஜர் கூண்டில் நின்றார். சுவர் கட்டி எத்தனை வருடம்? பதினான்கு. கட்டியபோது உள்பக்கத் தரை எந்த மட்டம்? தெருவும் உள்ளும் ஒரே மட்டம். இப்போது? கொஞ்சம் உயரம். எவ்வளவு கொஞ்சம்? மூன்றடி, மூன்றரை இருக்கும், பார்க்கிங்குக்காகக் கிராவல் அடித்தோம். எப்போது? அதற்கு முந்தின சித்திரையில். ஓரடி மண்ணைத் தாங்கக்கூடக் கட்டாத சுவர் மேல் மூன்றடி மண்ணை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வடியச் சுவரில் ஓட்டை விட்டீர்களா? இல்லை. ஏன்? "இப்டி ஒரு மழ பெய்யும்னு யாருங்கம்மா கண்டா?" என்றார்.

வாதி தரப்பின் ஏழாவது சான்றாவணத்தைக் காட்டினேன். மண்டபத்து விளம்பர நோட்டீஸ். ஏசி ஹால், ஐந்நூறு பேர் சாப்பிடும் டைனிங், அதற்குக் கீழே தடித்த எழுத்தில், அடைமழையிலும் தண்ணீர் தேங்காத கார் பார்க்கிங். அச்சடித்தது அதே வருட வைகாசி. மேனேஜர் அதைப் படித்தார். நீதிபதியும் படித்தார். இன்னும் ஏதாவது கேள்வி உண்டா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன பங்குனியில் டிக்ரி ஆனது. கேட்டதில் முக்கால் பங்கு. ஆயா தீர்ப்பைப் படித்துக் காட்டச் சொன்னார். "ஆத்தா மேல தப்பில்லன்னு எழுதிக்கிறாங்களா?" என்று கேட்டார். ஆமாம், தெய்வச் செயல் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறது என்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வாங்கிக்கொண்டு போனார், கோயிலில் வைக்க.

அப்பீல் போட்டிருக்கிறார்கள். முதல் காரணமே தெய்வச் செயல்தான். அதை இன்னும் ஆயாவிடம் நான் சொல்லவில்லை. வருகிற ஆடியில் அவர் கூழ் ஊற்றுகிறார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.